வடக்கே பார்த்து உக்காந்த ஆமை

கழிமுகத்துக் காட்டுல முட்டுவான்னு ஒரு பன்னி ராசாவா இருந்தான்.

சிங்கம் எங்க போச்சுன்னு கேக்காதீங்க. அது உப்புத்தண்ணிச் சேறு. சிங்கம் அங்க வந்து நின்னா முழங்கால் வரைக்கும் பொதைஞ்சிடும். அப்புறம் அதைத் தூக்கிவிட ஆள் தேடணும். சேத்துல சொகமா இருக்கறவன்தானே அங்க ராசாவா இருக்க முடியும்? அதனால பன்னி.

முட்டுவானோட வம்சம் பெரிய வம்சம். எல்லாரும் நேரா போயி முட்டறவங்க. எதிர்ல புலி நின்னாலும் முட்டுவாங்க, பாறை நின்னாலும் முட்டுவாங்க. பாறைய முட்டிச் செத்தவங்கதான் அந்த வம்சத்துல அதிகம். அவங்க போட்டு வச்ச முறை ஒண்ணு அந்தக் காட்டுல இருந்துச்சு.

நெஞ்சுல காயம் பட்டா வீரன். அவன் பேர்ல கல்லு நடுவாங்க. பாட்டுக் கட்டுவாங்க. பூ வைப்பாங்க.

முதுகுல காயம் பட்டா ஓடி வந்தவன். அவன் மேட்டுல ஏறி வடக்கே பார்த்து உக்காரணும். சோறு கூடாது, தண்ணி கூடாது. உசுரு போற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.

ஏன் வடக்குன்னு யாருக்கும் தெரியாது. எனக்குத் தோணறது என்னன்னா, அந்த ஊர்ல மத்த எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணி தெரியும், மீன் துள்ளும். சாக மனசு வராது.

இன்னொண்ணும் அந்த முறையில இருந்துச்சு. காயம் பட்டவனை எதுவும் கேக்க மாட்டாங்க. காயந்தான் சாட்சி. வாய்க்கு அங்க வேலையே இல்ல.

இது நண்டுக்கு மட்டும் ரொம்ப நாளா உறுத்தல். ஒருநாள் சபையில கேட்டே போட்டுது. "ராசா, நான் பக்கவாட்டுல நடக்கறவன். எனக்கு விலாவுல அடிபட்டா கல்லா, வடக்கா?"

முட்டுவான் ரொம்ப நேரம் யோசிச்சான். "நீ சண்டைக்கே போகாத" ன்னான்.

"மகராசனா இருங்க" ன்னு நண்டு வளைக்குள்ள போயிருச்சு.

அந்த வருசம் மழை பொய்ச்சுது. போன வருசமும் பொய்ச்சுதுதான். காட்டுல கொறிக்க ஒரு விதை இல்ல. அணில் குஞ்சுங்க பசியில கத்தக்கூடத் தெம்பில்லாம கெடந்துச்சுங்க.

அப்பத்தான் பாணன் முன்னால வந்தான். பாணன்னா பாட்டுப் பாடறவன். அவன் ஒரு சில்வண்டு, பேரு சில்லு. ஆள் கட்டைவிரல் அளவு. குரல் மட்டும் காடு முழுக்க.

"ராசா, நம்ம பழைய பாட்டுல ஒரு சேதி வருது. கடலுக்கு நடுவுல ஒரு திட்டு. அங்க புல்லரிசி விதைக்காமலே விளையும். நம்ம முன்னோர் பஞ்ச காலத்துல அலைய மிதிச்சுப் போயி அள்ளிட்டு வந்தாங்களாம்."

"அலைய மிதிச்சா?" ன்னு முட்டுவான் கேட்டான்.

"பாட்டுல அப்பிடித்தான் இருக்கு ராசா. எப்பிடி மிதிச்சாங்கன்னு இல்ல."

பறவைங்க பறந்து போயிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. வானத்துல கடல்கழுகு இருந்துச்சு. தண்ணிக்கு மேல தலை தூக்கினது எதுவும் திரும்பி வந்ததில்ல.

சபை ஓரத்துல இருந்து ஒரு கழுத்து நீண்டுச்சு. தாழையன். கழியில இருக்கற பெரிய ஆமை. முதுகு ஒரு கயித்துக்கட்டில் அகலம் இருக்கும்.

"நான் ஏத்திட்டுப் போறேன்" ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆமைக்குத் துணையா வீரன் ஒருத்தன் வேணும்னு முட்டுவான் சொன்னான். ஏத்திட்டுப் போறவனை யாரு வீரன்னு சொல்லுவாங்க? தோணிக்கு யாராவது மாலை போட்டுப் பார்த்திருக்கீங்களா?

காட்டுச்சேவல் செஞ்சூட்டான் குதிச்சு முன்னால வந்தான். "நான் போறேன் ராசா. எந்தக் கழுகு வந்தாலும் என் நெஞ்சைத் தாண்டித்தான் வரணும்."

கதிர் கடிச்சு எடுக்க அணிலு வரிச்சி ஏறிக்கிட்டா. அவளோட குஞ்சுங்கதான் பசியில கெடந்தது. பாட்டுக் கட்ட சில்லு ஏறிக்கிட்டான். மேல தாழை ஓலை ஒண்ணைப் போர்த்திக்கிட்டாங்க.

கெளம்பற நேரத்துல தாழையன் பொஞ்சாதி அல்லி கரைக்கு வந்தா. "இந்தா பாரு, தண்ணிக்குள்ள முழுகாம போகணும். முதுகுல ஆளு இருக்கு. பழக்கத்துல முழுகிடாத."

"ஞாபகம் இருக்கு."

"போன தடவை என் அண்ணனை ஏத்திட்டுப் போயி பாதியில முழுகினியே."

"உன் அண்ணனுக்கு நீச்சல் தெரியும்னு சொன்னான் புள்ள."

போற வழி நல்லாத்தான் போச்சு. முழங்கால் உசரம் அலை ஒண்ணு வந்துச்சு. சில்லு அதை மலைன்னு பாட்டுல போட்டான். சொறிமீன் ஒண்ணு மெதந்து போச்சு. அதை ஆயிரம் கை அரக்கன்னு போட்டான்.

"அதுக்குக் கையே இல்லியே, கொழகொழன்னு இருந்துச்சு" ன்னா வரிச்சி.

"நீ கதிரைக் கவனி. பாட்டை நான் கவனிக்கறேன்."

திட்டுக்குப் போயிச் சேந்தாங்க. பாட்டுல ஒரு விசயம் மட்டும் உண்மை. புல்லரிசி அங்க தலைசாஞ்சு கெடந்துச்சு. வரிச்சி கடிச்சுக் கடிச்சுப் போட்டா. கட்டாக் கட்டி, தாழையன் வால் பக்கமா வச்சு, நாரால இறுக்கினாங்க. செஞ்சூட்டான் ஒரு பாறை மேல நின்னு காவல் காத்தான். அங்க எதிரின்னு ஒரு கொசுகூட இல்ல. காத்தான்.

திரும்பி வர்றப்பத்தான் காத்து மாறுச்சு. தாழை ஓலை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. வெட்ட வெளிச்சத்துல நாலு உசுரு நடுக்கடல்ல.

மேல ஒரு நிழல் வட்டம் போட்டுது.

ஆமைக்கு ஆபத்துன்னா ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, முழுகிடலாம். எந்தக் கழுகும் தண்ணிக்குக் கீழ வராது. இன்னொண்ணு, தலைய ஓட்டுக்குள்ள இழுத்துக்கலாம். ரெண்டும் பொறந்ததுல இருந்து பழகினது, யோசிக்காமலே நடக்கும். தாழையன் அன்னிக்கு யோசிச்சான். முழுகினா முதுகுல இருக்கறவங்க போயிடுவாங்க. தலைய இழுத்தா, அவங்களுக்கு ஒதுங்க எடமில்ல.

"எல்லாரும் முன்னால வாங்க" ன்னான். "என் தலை போற பொந்துக்குள்ள பூந்துக்கோங்க."

"அப்ப உன் தலை?" ன்னா வரிச்சி.

"வெளிய இருக்கட்டும். பூரு."

வரிச்சி திரும்பறதுக்குள்ள அவளைத் தள்ளிக்கிட்டு ஒருத்தன் உள்ள பூந்தான். யாருன்னு நினைக்கறீங்க? நெஞ்சைத் தாண்டி வரணும்னு சொன்னானே, அவன்தான். வால் மட்டும் வெளிய. அந்த வாலுக்குக் கீழ வரிச்சி நசுங்கிக் கெடந்தா. அவ காதோரத்துல சில்லு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு.

கழுகு வந்து முதுகுல உக்காந்து கொத்துச்சு. ஓடு சிலும்பு சிலும்பா தெறிச்சுது. தாழையன் கத்தல. கத்தினா கழுத்து ஆடும், உள்ள இருக்கறவங்க விழுந்துடுவாங்க. துடுப்புக் காலை மட்டும் போட்டுக்கிட்டே இருந்தான். ஒவ்வொரு கொத்துக்கும் உடம்பு குலுங்குச்சு. குலுங்கறப்பல்லாம் பொந்தோட விளிம்பு செஞ்சூட்டான் நெஞ்சுல உரசுச்சு. தோலு பிஞ்சு ரத்தம் வந்துச்சு. அவன் இன்னும் கொஞ்சம் உள்ள பூந்தான்.

கரையோரத்துக் கண்டல் மரங்களோட வேருக்குள்ள நுழைஞ்ச பெறகுதான் கழுகு விட்டுட்டுப் போச்சு.

கரையில ஊரே நின்னுச்சு. மொதல்ல செஞ்சூட்டான்தான் குதிச்சு இறங்கினான். நெஞ்செல்லாம் ரத்தம்.

"நெஞ்சுல காயம்! நெஞ்சுல காயம்!" ன்னு ஊரு கூவுச்சு.

அவன் ஒரு பொய்கூட சொல்லல, அதை நான் சொல்லியாகணும். வாயத் திறந்தான், மூடினான். அவ்வளவுதான். மீதிய ஊரு பார்த்துக்கிச்சு. நாலு பேரு அவனைத் தூக்கினாங்க. எட்டு பேரு அவன் எப்பிடி சண்டை போட்டான்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. கடைசியில அதைக் கேட்டு அவனுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துருச்சு.

சில்லுவும் பாட்டை ஆரம்பிச்சுட்டான். கண்ணை மூடிக்கிட்டு இருந்தவனுக்கு என்ன தெரியும்? நெஞ்சுல ரத்தம் தெரிஞ்சுது. போதுமே.

வரிச்சி? அவ தன் பங்குக் கதிரை எடுத்துக்கிட்டு குஞ்சுங்க கிட்ட ஓடிட்டா, மீதிய ஊரு பங்கு போட்டுக்கிச்சு. அவளைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

கடைசியா தாழையன் கரையேறினான். முட்டுவான் பார்த்தான். சிரிப்பு நின்னு போச்சு.

"திரும்பு" ன்னான்.

தாழையன் திரும்பினான். முதுகு ஓடு ஒடைஞ்ச சட்டி மாதிரி இருந்துச்சு.

"ராசா, அது வந்து..." ன்னு தாழையன் வாயெடுத்தான்.

"பேசாத. காயம் பேசிடுச்சு." முட்டுவான் மேட்டுப் பக்கம் பார்த்தான். அவனோட கூடப் பொறந்த தம்பி ஒருத்தன் அதே மேட்டுலதான் உசுர விட்டான். முதுகுல ஒரு கீறல். அதை ஊர்ல யாரும் பேசறதில்ல. "முறை உனக்குத் தெரியும்."

"தெரியும் ராசா."

"போ."

தாழையன் மேட்டுல ஏறினான். ஆமை மேடு ஏறுறதைப் பார்த்திருக்கீங்களா? பொழுது சாஞ்சிருச்சு. யாரும் கூடப் போகல. வடக்கே பார்த்து உக்காந்தான்.

அல்லி பின்னாலயே ஏறி வந்தா. "என்னய்யா இது? சொல்ல வேண்டியதுதானே?"

"முறையில பேச எடமில்ல புள்ள."

"என்கிட்டயாவது சொல்லு. திரும்பி ஓடினியா?"

"நான் ஓடி நீ பார்த்திருக்கியா?"

அவ சிரிக்கவும் முடியாம, அழவும் முடியாம நின்னா.

மறுநாள் காலையில ஊரே லேட்டா எந்திரிச்சுது. சேவல் கூவல. நெஞ்சுப்புண்ணு வலிக்குதுன்னு ஊரு பேசிக்கிச்சு. அதுக்கடுத்த நாளும் கூவல. முட்டுவான் ஆத்துப் பக்கமிருந்து பட்டைக் கல்லு ஒண்ணை உருட்டிக்கிட்டு வந்தான். வழக்கமா செத்த பெறகுதான் கல்லு நடுவாங்க. ஆனா ரொம்ப நாளா அந்த ஊர்ல யாரும் வீரமா சாகல. கைவசம் ஆள் கெடைச்சதும் ராசாவுக்கு அவசரம்.

"ராசா, நான் இன்னும் சாகலியே" ன்னான் செஞ்சூட்டான்.

"அதனால என்ன தம்பி? நீ உன் சௌகரியத்துக்கு வா. கல்லு காத்திருக்கும்."

கல்லு நட நாள் குறிச்சாங்க. அதுக்கு மொத நாளு மதியம் அல்லி செஞ்சூட்டானைத் தேடி வந்தா. அவன் ஒரு புதருக்குப் பின்னால தனியா நின்னான். அவ சண்டை போட வந்திருக்கான்னுதான் நினைச்சான்.

"கொழுந்தனாரே, ஒரு ஒத்தாசை" ன்னா அல்லி.

"என்ன அண்ணி?"

"அவருகிட்ட யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஓடி வந்தவன்கிட்டப் பேசினா அவமானமாம். நீ வீரன். நீ பேசினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சும்மா பக்கத்துல நின்னு ஏதாவது பேசிட்டு வா. அவரு தனியாப் போகக் கூடாது."

செஞ்சூட்டான் காலால மண்ணைக் கிளறினான். "நான் போயி என்ன அண்ணி பேசறது?"

"எதையாவது பேசு. மழை வருமான்னு கேளு. அவரு எல்லாத்துக்கும் ம்னுதான் சொல்லுவாரு."

போனான். போகாம எப்பிடி இருக்கறது?

தாழையன் கண்ணை மூடிக்கிட்டு இருந்தான். உதடு உப்புப் பூத்துக் கெடந்துச்சு. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் தொறந்தான்.

"செஞ்சூட்டானா? வா தம்பி. நெஞ்சுப்புண்ணு ஆறிடுச்சா?"

"ம்."

"என் ஓட்டு விளிம்பு எப்பவுமே சொரசொரன்னு இருக்கும். அல்லிகூட சொல்லுவா, தேச்சுக்கோன்னு. உன் நெஞ்சுல உரசிடுச்சு. மனசுல வச்சுக்காத."

செஞ்சூட்டானுக்குக் கொண்டை தொங்கிப் போச்சு.

"உனக்குத் தெரியுமா?"

"என் கழுத்துக்கிட்ட நடந்தது எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல? அண்ணிகிட்டகூட சொல்லலியே?"

"ஏத்தினவனை நடுவுல தள்ளிவிட்டா அவன் என்ன ஆமை? கரை சேர்க்கிற வரைக்கும் நான்தான் பொறுப்பு."

"கரைக்குத்தான் அன்னிக்கே வந்துட்டோமே அண்ணே."

தாழையனுக்கு மூச்சு வாங்குச்சு. "நாங்க வந்துட்டோம். நீ இன்னும் எறங்கல தம்பி. என் முதுகுலதான் நிக்கற."

கோவமா சொல்லல. எடை அதிகமா இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னான்.

செஞ்சூட்டான் மேட்டுல இருந்து எறங்கி வந்தான். யாருகிட்டயும் பேசல. வழியில ஒருத்தன் "வீரா, எப்பிடி இருக்க?" ன்னு கேட்டான். காது கேக்காதவன் மாதிரி போயிட்டான்.

மறுநாள் கல்லு நட்டாங்க. பூ வச்சாங்க. சில்லு தொண்டையச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சான். "மலையலை தாண்டிய மார்பு..."

"நிறுத்து" ன்னான் செஞ்சூட்டான்.

"இப்பத்தான் எடுத்தேன். இன்னும் கழுகே வரல."

"நிறுத்துடா."

செஞ்சூட்டான் கல்லு முன்னால வந்து நின்னான். காலு நடுங்குச்சு. கழுகு வந்தப்பகூட அவ்வளவு நடுங்கல. ஏன்னா அப்ப உள்ள இருந்தான்.

"இந்தக் காயம் கழுகு போட்டது இல்ல. நான் ஆமைப் பொந்துக்குள்ள பூந்து ஒளிஞ்சேன். வரிச்சிய நசுக்கிட்டு ஒளிஞ்சேன். ஓட்டு விளிம்பு உரசின காயம் இது. அண்ணன் முழுகியிருந்தா அவரு முதுகுல ஒரு கீறல் விழுந்திருக்காது. எங்களுக்காக முழுகல. தலைய வெளிய வச்சுக்கிட்டு எங்களை உள்ள விட்டாரு."

நண்டு வளையில இருந்து கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்துது.

வரிச்சி முன்னால வந்தா. "ஆமா. நான் அவன் வாலுக்குக் கீழ இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். புள்ளைங்க திங்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு போனேன். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

"நான் கண்ணை மூடியிருந்தேன்" ன்னான் சில்லு. அந்தப் பெரிய கொரலு அன்னிக்குத்தான் மொத தடவையா சின்னதா வந்துச்சு.

எல்லாரும் முட்டுவானைப் பார்த்தாங்க.

முட்டுவான் மூஞ்சி கல்லாயிருந்துச்சு. "காயம் முதுகுல இருக்கு. முறை முறைதான்."

"ராசா, இவ்வளவு சொல்றோமே" ன்னா வரிச்சி.

"முறையில கேக்கறதுக்கு எடமில்ல. நான் கேக்க மாட்டேன். இன்னிக்குக் கேட்டா..." அவன் முடிக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

செஞ்சூட்டான் ஒண்ணும் வாதாடல. மேட்டுப் பக்கம் நடந்தான். தாழையனுக்குப் பக்கத்துல போயி வடக்கே பார்த்து உக்காந்தான். வரிச்சியும் போயி உக்காந்தா, குஞ்சுங்களோட. சில்லு செஞ்சூட்டானோட கொண்டை மேல உக்காந்தான். அல்லி ஏற்கெனவே அங்கதான் இருந்தா.

"நீங்கள்லாம் ஏன்டா?" ன்னு தாழையன் முனகினான்.

"அது எங்களுக்கு வந்த காயம் அண்ணே" ன்னான் செஞ்சூட்டான். "நீ வாங்கிக்கிட்ட. நியாயமா நாங்கதான் உக்காரணும்."

"புள்ளைங்கள எதுக்குக் கூட்டிட்டு வந்த வரிச்சி?"

"அதுங்க சாப்பிட்டதும் உன் முதுகுல வந்ததுதான்."

கொஞ்ச நேரத்துல புல்லரிசி தின்ன எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து உக்காந்தாங்க. யாரு தின்னலன்னு கணக்குப் பார்த்தா யாருமே மிச்சமில்ல. முயல் வந்துச்சு. காடை வந்துச்சு. நண்டு ஒரு சங்கடத்தோட வந்துச்சு. அதுக்கு வடக்கே பார்த்து உக்காந்தா எந்தப் பக்கம் நடக்கும்னு தெரியல, எப்பிடியோ உக்காந்துச்சு.

கீழ ஒரு கல்லு, பக்கத்துல ஒரு ராசா. ஆளுறதுக்கு ஒருத்தர் இல்ல.

வெயிலு ஏறுச்சு. முட்டுவான் மெதுவா மேட்டுல ஏறி வந்தான். நேரா வர்றதுதான் அவன் பழக்கம். அன்னிக்குச் சுத்தி வந்து, எல்லாருக்கும் எதிர்ல வடக்குப் பக்கமா நின்னான். தாழையன் மூஞ்சிய அன்னிக்குத்தான் நல்லாப் பார்த்தான். அதுவரைக்கும் முதுகைத்தான் பார்த்திருக்கான்.

"தாழையா, நீ ஏன் முழுகல?"

அந்தக் காட்டுல காயம் பட்டவன்கிட்ட ஒரு ராசா கேட்ட மொதக் கேள்வி அதுதான்.

தாழையனுக்குப் பேச எச்சில் இல்ல. "முழுகினா முதுகு பொழைச்சிருக்கும் ராசா. மூணு பேரு பொழைச்சிருக்க மாட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முட்டுவான் அப்புறம் சொன்னான், யாருகிட்டன்னு தெரியல. "என் தம்பி இதே எடத்துல உக்காந்திருந்தான். அவனும் வாயெடுத்தான். நான் பேசாதன்னு சொல்லிட்டேன். அவன் முதுகுல அந்தக் கீறல் எப்பிடி வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

முட்டுவான் அந்த எடத்து மண்ணையே பார்த்தான்.

"இது தப்புன்னு நான் ஒத்துக்கிட்டா, அவனை நான்தான் கொன்னேன்னு ஆயிடும். அதனாலதான் கீழ நின்னேன்."

அல்லிதான் பேசினா. அவளுக்கு எப்பவுமே பேச்சு நிக்காது. "ஒத்துக்காட்டியும் அதுதான் ராசா. ஒத்துக்கிட்டா இவராவது மிஞ்சுவாரு."

சபையில யாராவது ராசாகிட்ட அப்பிடிப் பேசியிருந்தா முட்டித் தள்ளியிருப்பான். அன்னிக்குத் தலைய ஆட்டினான். கழிக்குப் போனான். ஆம்பல் இலைய வாயில கவ்வி, அதுல நல்ல தண்ணி ஊத்துல மொண்டு, சிந்தாம எடுத்துட்டு வந்தான். பன்னி சிந்தாம எடுத்துட்டு வந்ததைப் பார்க்க ஊருக்கே ஆச்சரியம். தாழையன் வாயில அவனே ஊத்தினான்.

தாழையன் ரெண்டு மொடக்குக் குடிச்சான். கண்ணு தொறந்துச்சு. "புள்ளைங்களுக்கும் குடுங்க ராசா. வெயில்ல உக்காந்திருக்குங்க" ன்னான்.

அல்லி தலையில அடிச்சுக்கிட்டா. "பொழைச்சதும் ஆரம்பிச்சிட்டாரு."

கீழ நட்ட கல்லை என்ன பண்றதுன்னு செஞ்சூட்டான் கேட்டான். தாழையன் எனக்கு வேண்டாம்னுட்டான், வெயிலுக்கு ஒதுங்க ஒரு கல்லு ஏற்கெனவே முதுகுல இருக்குன்னான். முட்டுவான் அந்தக் கல்லை உருட்டி மேட்டுக்குக் கொண்டு வந்தான். மேட்டுல உருட்டறது லேசில்ல, யாரையும் ஒத்தாசைக்குச் சேத்துக்கல. தன் தம்பி உக்காந்திருந்த எடத்துல நிறுத்தினான். என்ன பாடணும்னு சில்லு கேட்டான்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்? இவன்கிட்ட யாரும் கேக்கலன்னு பாடு" ன்னான் முட்டுவான்.

சில்லு பாடினான். ஒரே வரி. அவன் பாட்டுலயே சின்னப் பாட்டு அதுதான், மலையும் இல்ல, அரக்கனும் இல்ல. ஊரே கேட்டு அழுதுச்சு.

ஒருத்தன் உடம்புல இருக்கற காயத்தை வச்சு அவனை எடை போடாதீங்க. அது எப்பிடி வந்துச்சுன்னு அவன் உசுரோட இருக்கும்போதே அவன்கிட்டக் கேளுங்க.